குதிரையைத் திருப்பிக் கொடுத்தார்களா?

மாசசூசெட்ஸில் லெக்சிங்டனுக்கும் காங்கர்டுக்கும் நடுவில் லிங்கன் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1775-இல் அமெரிக்கச் சுதந்திரப் போரின் முதல் சண்டை நடந்த பழைய சாலையை அங்கே தேசியப் பூங்காவாக்கி நடைபாதை போட்டிருக்கிறார்கள். போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, குளிர் இன்னும் விட்ட பாடில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். ஒன்பது வயதுப் பையன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். ஓடினான் என்பதைவிட, வாயில் ஒரு கவிதையை வைத்துக்கொண்டு குதிரை ஓட்டினான் என்பதே சரி. ஒரு வளைவில் கற்சுவர் கட்டி, கல்லில் ஒரு பலகை பதித்திருந்தது. அதன் முன்னால் போய் நின்றவன் அப்புறம் நகரவே இல்லை. நானும் சின்னவளும் போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். பிரிட்டிஷ் படை வருகிறது என்று ஊர் ஊராக எச்சரிக்கக் குதிரையில் கிளம்பிய பால் ரெவியரின் நள்ளிரவுச் சவாரி முடிந்துபோன இடம் இது, பிரிட்டிஷ் ரோந்துக்காரர்கள் அவரை மடக்கிப் பிடித்தது இங்கேதான் என்கிறது பலகை. காங்கர்டுக்கு இன்னும் சில மைல் இருக்கிறது.

அவன் வாயில் இருந்த, அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோ எழுதிய கவிதையிலோ ரெவியர் காங்கர்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார். ஊர்க் கடிகாரத்தில் இரண்டு மணி. ஆட்டுமந்தை கத்துகிறது, மரங்களில் பறவைகள் சிலுசிலுக்கின்றன, விடியற்காலைக் காற்று வீசுகிறது. எல்லாம் அச்சுப் பிசகாமல் அவனுக்குத் தெரியும், ஏனென்றால் மூன்று மாதமாக அதை அவன் காதில் போட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

அவன் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி குதிரையைப் பற்றியது. "குதிரை என்ன ஆச்சு?" பிடித்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். "திருப்பிக் கொடுத்தாங்களா?" இல்லை, அதற்கப்புறம் அந்தக் குதிரையை யாரும் பார்க்கவில்லை. "அது அவரோட குதிரையே இல்லை, கடன் வாங்கினது." ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

"இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா அம்மா?"

தெரியும். அதுதான் வம்பாகிப் போனது.

நான் எப்படி இந்தப் பக்கம் சாய்ந்தேன்

இதற்கு வேர் என் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: மனப்பாடப் பகுதி, அடிபிறழாமல் எழுதுக, மையக்கருத்தை நான்கு வரிகளில் எழுதுக. ஆங்கிலப் பாடத்திலும் இதே கதைதான். ராபர்ட் ஃபிராஸ்டின் பனிக்காட்டுக் கவிதையை எங்களுக்கு நடத்திய ஆசிரியை, அதன் கடைசி நான்கு வரிகளை நேரு கைப்பட எழுதித் தன் அருகிலேயே வைத்திருந்தார் என்று சொன்னார். சொல்லிவிட்டு, காடு என்றால் மரணம், உறக்கம் என்றாலும் மரணம், எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதிக்கொண்டோம். அந்தக் கவிதையில் ஒரு குதிரை இருக்கிறது, எஜமானர் எதற்கு இப்படி நட்டநடுக் காட்டில் நிறுத்தினார் என்று புரியாமல் அது கழுத்து மணியை ஒரு குலுக்குக் குலுக்கிக் கேட்கிறது என்பதெல்லாம் எனக்கு முப்பது வயதுக்கு மேல், இந்த ஊர் நூலகத்தில் சும்மா புரட்டியபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு வந்த கோபத்தில் ஒரு சபதம் போட்டேன். என் பிள்ளைகளுக்கு ஒரு கவிதைக்கும் அர்த்தம் சொல்லமாட்டேன். ஓசை மட்டும். காதில் விழட்டும், நாக்கில் புரளட்டும், மற்றது தானாக வரும்.

சில வருடங்கள் இந்தச் சபதம் நன்றாகவே வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். எமிலி டிக்கின்சனிலிருந்து தொடங்கினோம், 'நான் யாருமில்லை, நீ யார்?' என்று கேட்கிற அந்தக் குட்டிக் கவிதை. அதில் வருகிற தவளையைப் போல நாள் முழுக்கத் தன் பெயரைத் தானே கத்திக்கொண்டு பையன் வீட்டைச் சுற்றி வந்தான். கவிதை அந்தத் தவளையைக் கிண்டல் செய்கிறது என்பது அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. ஆம்ஹர்ஸ்டில் அந்த அம்மையார் மாடி ஜன்னலிலிருந்து கூடையில் கயிறு கட்டி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இஞ்சி ரொட்டி இறக்கிவிடுவார் என்று மட்டும் சொன்னேன். அது கவிதையைவிட அதிகமாகப் பிடித்துப்போய், எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஒரு வாரம் பிஸ்கட் இறங்கிக்கொண்டிருந்தது. வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸின் சிவப்புத் தள்ளுவண்டியைப் படித்தபோது என் கணவர் எட்டிப் பார்த்து, "அவ்வளவுதானா?" என்றார். அவ்வளவுதான், மொத்தம் 16 சொற்கள். மழையில் நனைந்த வண்டி, பக்கத்தில் வெள்ளைக் கோழிகள். சின்னவள் மட்டும், கோழிக்கு யார் சாப்பாடு போடுவார்கள் என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. மையக்கருத்து எழுதச் சொல்லியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்குமா?

அப்புறம் லாங்ஃபெலோ வந்தார். இங்கே நல்ல இலக்கிய ருசி உள்ளவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் லாங்ஃபெலோவை அவ்வளவாக மதிப்பதில்லை. தாளம் அதிகம், ஆழம் குறைவு என்பார்கள். இருக்கலாம். ஆனால் கோயிலில் சந்தப் பாட்டு கேட்டு வளர்ந்த காதுக்கு அவர் உடனே பிடித்துவிடுகிறார். 'லிசன், மை சில்ட்ரன், அண்ட் யூ ஷல் ஹியர், ஆஃப் த மிட்நைட் ரைட் ஆஃப் பால் ரெவியர்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், குளம்புச் சத்தம் கேட்கும். 130 வரிகளுக்குப் பக்கம் இருக்கும் அந்தக் கவிதையைப் பையன் காரில் கேட்டே பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டான். பிரிட்டிஷ் படை வருவது தரைவழி என்றால் ஒன்று, கடல்வழி என்றால் இரண்டு என்று தேவாலயக் கோபுரத்தில் விளக்கு ஏற்றும் கட்டம் வந்தால் கார் முழுக்க மூச்சை அடக்கிக்கொள்ளும். கேம்பிரிட்ஜில் லாங்ஃபெலோ வாழ்ந்த வீட்டுக்கும் போய் வந்தோம். அவர் பாடிய கொல்லன் பட்டறைச் செஸ்ட்நட் மரத்தைத் தெருவை அகலப்படுத்த 1876-இல் வெட்டினார்கள். அந்தக் கட்டையில் ஒரு சாய்வு நாற்காலி செய்து, 1879-இல் அவருடைய 72-வது பிறந்தநாளுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகள் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் உட்கார்ந்து பார்க்க வரும் பிள்ளைகளை அவர் விரட்டவில்லையாம். பையனுக்கு அந்தக் கிழவர் சொந்தத் தாத்தா மாதிரி ஆகிவிட்டார்.

ஏப்ரல் இங்கே கவிதை மாதம். வகுப்பில் ஆளுக்கொரு கவிதை ஒப்பிக்க வேண்டும். அவன் என்ன தேர்ந்தெடுத்தான் என்று சொல்ல வேண்டுமா? 'சரி, ஒப்பிக்கிறதுக்கு முன்னால் அந்தச் சாலையைக் காட்டிவிடலாம்' என்று நினைத்துத்தான் லிங்கனுக்குக் கூட்டிப் போனேன். அந்தப் பலகை இருப்பதும் தெரியும். அவன் அதை நின்று படிப்பான் என்றுதான் தோன்றவில்லை. என் பிள்ளைகள் எந்தப் பலகையைத்தான் படித்திருக்கிறார்கள்.

கார்

திரும்பி வரும்போது அவன் பேசவில்லை. பின்சீட்டில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான்தான் ஆரம்பித்தேன். கவிதை என்றால் அப்படித்தான் கண்ணா, கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். ஃபிராஸ்டின் பனிக்காட்டுக் கவிதை ஞாபகம் இருக்கிறதா, அவ்வளவு பனியையும் அவர் எழுதியது 1922-இல் ஒரு ஜூன் மாதக் காலையில், நல்ல கோடைக்காலத்தில், அது உனக்குத் தெரியுமே, அப்போது நீ சிரித்தாயே?

"அது வேற."

எப்படி வேற?

"அவர் அந்த ஆளோட பேரைச் சொல்லல. பேரைச் சொன்னா நிஜமா இருக்கணும்."

ஒன்பது வயதில் இவ்வளவு தெளிவாக ஒரு விதி போட முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சமாளிக்கப் பார்த்தேன். அதற்குள் அடுத்தது வந்தது. "லிசன்னு சொல்றார். மை சில்ட்ரன்னு எங்களைத்தான் சொல்றார்." பெரியவர்களுக்கு எழுதியிருந்தால் அவன் விட்டிருப்பான்போல. பிள்ளைகளே கேளுங்கள் என்று கூப்பிட்டு உட்காரவைத்து நடக்காததைச் சொன்னார் என்பதுதான் அவனுடைய வழக்கு. அதில் நானும் இரண்டாவது குற்றவாளி, எல்லாம் தெரிந்தும் கூடச் சேர்ந்து தாளம் போட்டவள். வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்விட்டான். கவிதையை மாற்றிக்கொள்ளப் போவதாகத் தங்கையிடம் அறிவித்தது கீழே வரைக்கும் கேட்டது.

அன்றிரவு நான் அந்தக் கவிதையை, பையனுக்காக இல்லாமல், முதல்முறையாக எனக்காகப் படித்தேன். என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் கொஞ்சம் நீளம். விளக்குச் சைகையை ரெவியர் எதிர்க்கரையில் நின்று பார்க்கவில்லை, அதை ஏற்பாடு செய்தவரே அவர்தான், அக்கரையில் சார்ல்ஸ்டவுனில் இருந்தவர்களுக்காக. ஆற்றை அவர் தனியாகக் கடக்கவும் இல்லை, இரண்டு பேர் துடுப்புப் போட்டுக் கூட்டிப் போனார்கள். அன்றைக்கு பாஸ்டனிலிருந்து வில்லியம் டாஸ் என்று இன்னொருவர் தரைவழியாகக் கிளம்பியிருந்தார், அவரைக் கவிதையில் காணோம். லெக்சிங்டனைத் தாண்டியபின் சாமுவேல் பிரெஸ்காட் என்று ஒரு இளம் மருத்துவர் வழியில் சேர்ந்துகொண்டார், தன் வருங்கால மனைவியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். ரோந்துக்காரர்கள் மடக்கியபோது குதிரையோடு கற்சுவரைத் தாண்டித் தப்பி, உண்மையில் காங்கர்டுக்குச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இந்த மனிதர்தான். கவிதையில் அவருக்கு ஒரு சொல்கூட இல்லை. குதிரை போனபின் ரெவியர் லெக்சிங்டனுக்கு நடந்தே திரும்பினார்.

அப்போதுதான் ஆரம்ப வரிகள் கண்ணில் பட்டன. அந்த நாளை நினைவு வைத்திருக்கும் மனிதர்கள் இன்று அநேகமாக யாரும் உயிரோடு இல்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார் லாங்ஃபெலோ. எத்தனையோ முறை தாளத்தோடு கடந்துபோன இடம். சாட்சி சொல்ல ஆளில்லை என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டுதான் மனிதர் கதைக்குள் இறங்குகிறார்! சிரிப்பு வந்தது.

தெரியாமல் செய்தவர் இல்லை. 1860 ஏப்ரலில் அந்தத் தேவாலயக் கோபுரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, மறுநாளே எழுத ஆரம்பித்தார். அச்சில் வந்தது அட்லாண்டிக் மந்த்லியின் 1861 ஜனவரி இதழில். அடிமை முறையைப் பற்றி நாடு இரண்டாகக் கிழிந்துகொண்டிருந்த நேரம், 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்து போயேவிட்டது. லாங்ஃபெலோ 1842-லேயே அடிமை முறைக்கு எதிராகத் தனியாக ஒரு கவிதைத் தொகுப்பு போட்டவர். இருளும் ஆபத்தும் வரும் வேளையில் மக்கள் விழித்தெழுந்து அந்தக் குளம்பொலியைக் கேட்பார்கள் என்று கவிதை முடியும்போது, எந்த இருள் என்று அன்று படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு வேண்டியிருந்தது இரவோடு இரவாக வீட்டு வீட்டுக் கதவைத் தட்டும் ஒரு ஆள், ஒரே ஒரு ஆள். மூன்று பேர், கடன் குதிரை, பாதிவழியில் கைது என்றால் அது நடந்த கதையாக இருந்திருக்கும், பாட்டாக இருந்திருக்காது.

இதை ஒன்பது வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது? அர்த்தம் சொல்லமாட்டேன் என்பது என் சபதம், ஆனால் இந்த இடத்தில் அர்த்தம் சொல்லாமல் இருந்தால் அவனிடம் மிஞ்சப்போவது பொய் சொன்ன ஒரு தாத்தாதான். ஓசை போதும் என்று இத்தனை நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதில் ஒரு வசதியும் ஒளிந்திருந்தது. கேள்வி வராது. மையக்கருத்து எழுதச் சொன்ன என் ஆசிரியை ஒரு பக்கத்தை மூடினார் என்றால், நான் இன்னொரு பக்கத்தை மூடியிருந்தேன். இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

டாஸுக்கு நேர்ந்த அநியாயம்

இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது, எல்லாவற்றையும் சொன்னேன். உள்நாட்டுப் போரைப் பற்றி அவனுக்கு ஓரளவு தெரியும் என்பதால் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. "அப்ப அதை நேராவே சொல்லியிருக்கலாமே" என்றான். நேராகவும் சொல்லிப் பார்த்தார், அதை யாரும் இந்த மாதிரிக் காரில் கத்துவதில்லை என்றேன். யோசித்தான். முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் புத்தகத்தை எடுத்து வந்தான்.

அவனைத் திரும்ப இழுத்தது என் விளக்கம் இல்லை, டாஸ்தான். ஹெலன் மூர் என்பவர் 1896-இல் ஒரு பத்திரிகையில் டாஸ் பேசுகிற மாதிரி ஒரு கிண்டல் கவிதை எழுதினார். ரெவியரின் சவாரியைப் பிள்ளைகள் கேட்பதெல்லாம் சரிதான், நானும்தானே அதே துணிச்சலோடு ஓட்டினேன், என் பெயர் மட்டும் ஏன் மறந்துபோனது என்று டாஸ் புலம்புகிறார். பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார்: காரணம் தெளிவு, என் பெயர் டாஸ், அவர் பெயர் ரெவியர். பையன் ஒரு நொடி விழித்தான். அப்புறம் பிடித்துக்கொண்டான் பாருங்கள், "ஹியர், ரெவியர்!" என்று கத்திவிட்டு அரைமணி நேரம் சிரிப்பு. கேள் என்ற சொல்லோடு அந்தப் பெயர் ஒட்டுகிறது, அதனால் ஒருவர் புகழ் பெற்றார். டாஸோடு என்ன ஒட்டும்? பூனை நகத்துக்கு 'க்ளாஸ்', நாய்ப் பாதத்துக்கு 'பாஸ்' என்று தாள் தாளாகத் தேடினான். பிரெஸ்காட்டுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை, அந்த மருத்துவர் மேல் அவனுக்குப் பெரிய இரக்கம் வந்துவிட்டது. தமிழில் பாடியிருந்தால் அவருக்கும் ஒரு வழி பிறந்திருக்கும், நமக்கு எதுகை வரியின் தலையில் இருக்கிறது, வாலில் தேட வேண்டாம் என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. பரவாயில்லை, இன்னொரு நாள்.

கவிதையை மாற்றவில்லை. வகுப்பில் கடைசிப் பகுதியை ஒப்பித்தான். பன்னிரண்டு மணிக்கு மெட்ஃபர்ட், ஒரு மணிக்கு லெக்சிங்டன், அவ்வளவோடு நிறுத்துவான் என்று எதிர்பார்த்துப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நிறுத்தவில்லை. இரண்டு மணிக்குக் காங்கர்ட் பாலத்துக்கே போய்ச் சேர்ந்தான், ஆட்டுமந்தை, பறவை, காற்று எல்லாவற்றோடும். வெளியே வந்து ஏன்டா என்று கேட்டதற்கு, "பன்னெண்டு, ஒண்ணுன்னு சொல்லிட்டு ரெண்டு சொல்லலைன்னா நல்லா இருக்காதும்மா" என்றான்.

நான் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம் இன்னும் ஒன்று இருக்கிறது. 1798-இல் ரெவியர் தன் சவாரியைப் பற்றி வரலாற்றாசிரியர் ஜெரமி பெல்க்னாப்புக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபோது பட்டது. சார்ல்ஸ்டவுனைத் தாண்டியதும் இரண்டு பிரிட்டிஷ் அதிகாரிகள் மரத்தடியில் குதிரைமேல் காத்திருந்ததைச் சொல்ல வரும்போது, இடத்துக்கு அடையாளமாக, 'மார்க்கைச் சங்கிலியில் தொங்கவிட்ட இடத்துக்கு எதிரே' என்று போகிறபோக்கில் எழுதுகிறார். மார்க் ஒரு கறுப்பின அடிமை. எஜமானருக்கு விஷம் வைத்தார் என்று 1755-இல் தூக்கிலிட்டு, உடலை இரும்புச் சங்கிலியில் கட்டிச் சாலையோரம் வருடக்கணக்காகத் தொங்கவிட்டார்கள். இருபது வருடம் கழித்தும் எல்லோருக்கும் தெரிந்த முகவரி அது. சுதந்திரச் செய்தியைக் கொண்டுபோன குதிரை அதன் எதிரே ஓடியிருக்கிறது. லாங்ஃபெலோவின் கவிதையில் மார்க் கிடையாது. நான் அந்தக் கடிதத்தை அச்செடுத்து ஒரு புத்தகத்துக்குள் செருகி வைத்திருக்கிறேன். எப்போது எடுத்துக் கொடுப்பது என்று தெரியவில்லை. பன்னிரண்டு வயதில்? அவனே கண்டுபிடித்து வந்து, உனக்கு முன்னாடியே தெரியுமா என்று கேட்கும்வரை இருந்துவிடக் கூடாது என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

போன வாரம் மாடியிலிருந்து குளம்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், தலையணையைக் குதிரையாக்கி உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு அண்ணன் கவிதை சொல்லிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஐந்து வயது. லிங்கனில் அந்தப் பலகை முன்னால் அவளும்தான் நின்றாள், ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒரு அணில்தான் முக்கியம். காங்கர்ட் வந்தது, இரண்டு மணி அடித்தது, அவள் கைதட்டினாள். "குதிரை வீட்டுக்குப் போயிடுச்சா அண்ணா?" என்று கேட்டாள். அவன் கொஞ்சம் தயங்கி, கதவருகே நின்ற என்னைப் பார்த்தான்.

"போயிடுச்சு" என்றான்.

அப்புறம் கீழே வந்து, தண்ணீர் எடுக்கிற மாதிரி பக்கத்தில் நின்றுகொண்டு, மெதுவாகச் சொன்னான்: "அவகிட்ட இப்ப சொல்லாதம்மா. ஒன்பது வயசு ஆகட்டும்."